கூர்வாவின் வரவு செலவு

நேயர்களுக்கு வணக்கம்.

2012 ஏப்ரல் 22. இத்தாலியின் ஜெனோவா நகரம். சொந்த மைதானத்தில் ஜெனோவா அணி சியேனாவிடம் நான்கு கோல் வாங்கிவிட்டது. 53ஆவது நிமிடத்தில் தீப்பந்தங்களும் வெடிகளும் புல்தரையில் விழுகின்றன. ஒரு கூட்டம் தடுப்பைத் தாண்டி, வீரர்கள் உள்ளே போகும் சுரங்கப் பாதையின் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கிளப்பின் சட்டையை அணிய உங்களுக்கு யோக்கியதை இல்லை, கழற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்பது அவர்கள் கட்டளை. அணித்தலைவர் மார்கோ ரோஸ்ஸி, கழற்றிய சட்டைகளை வாங்கிக் கையில் அடுக்கிக்கொண்டு நிற்கிறார். ஸ்குல்லி என்ற வீரர் கழற்ற மறுத்துக் கூட்டத்தோடு பேசிப் பார்க்கிறார். முக்கால் மணி நேரம் ஆட்டம் நின்றது. அன்றே பயிற்சியாளருக்கு வேலை போயிற்று.

தோல்வியின் ஆத்திரம் என்று இதைக் கடந்துவிடலாம். ஆனால் காவலர்கள் நிறைந்த அரங்கில், கோடிகளில் சம்பளம் வாங்கும் வீரர்கள் ஏன் பணிந்தார்கள்? அதற்குக் கூர்வாவின் கணக்கு வழக்கைப் பார்க்க வேண்டும்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் வளைந்து போகும் படிவரிசைதான் கூர்வா. சொல்லுக்கே வளைவு என்றுதான் பொருள். டிக்கெட் மலிவு. 1960களின் இறுதியிலிருந்து 'அல்ட்ரா' எனப்படும் தீவிர ரசிகர் குழுக்கள் அங்கே இடம்பிடித்தன. முரசு, கொடி, குழுவின் பெயர் தாங்கிய நீளமான பதாகை. பதாகை எதிரி கையில் சிக்கினால் குழுவையே கலைத்துவிடுவது எழுதாத சட்டம். 1968இல் தொடங்கிய, மிலான் கிளப்பின் அல்ட்ரா குழுவான 'ஃபோஸ்ஸா தெய் லெயோனி' 2005இல் அப்படியொரு பதாகைத் தகராறுக்குப் பின்தான் கலைந்தது. இதில் ஒரு பித்து இருக்கிறது, மறுக்கவில்லை. பித்தோடு வியாபாரம் சேர்ந்ததுதான் வினை.

இத்தாலியக் கால்பந்து விதிகளில் ஒன்று: ரசிகர் செய்யும் குற்றத்துக்குக் கிளப்பே பொறுப்பு. வெடி போட்டாலும் இனவெறிக் கோஷம் எழுப்பினாலும் கிளப்புக்கு அபராதம், கூர்வாவுக்குப் பூட்டு, மிஞ்சினால் ஆளில்லா அரங்கில் ஆட்டம். கிளப் தன் ரசிகரை அடக்கி வைக்கட்டும் என்பதுதான் நோக்கம். நடந்தது நேர்மாறு. கேட்டதைத் தராவிட்டால் அபராதம் வாங்கித் தருவோம் என்று மிரட்ட அல்ட்ரா தலைவர்களுக்கு ஒரு துருப்புச்சீட்டு கிடைத்தது. கத்தியைக் கொடுத்துக் கழுத்தையும் நீட்டியதுபோல்.

கேட்டது என்ன? முதலில் டிக்கெட். யுவென்டஸ் கிளப்பில் ஒருவருக்கு நான்கு என்ற வரம்பை மீறிக் கட்டுக்கட்டாக, கடனுக்கும் டிக்கெட் போனது. குழுக்கள் அதை பிளாக்கில் விற்றுக் காசு பார்த்தன. கலாப்ரியாவின் மாஃபியாவான 'ந்த்ராங்கெட்டாவும் இதில் கைவைத்தது வழக்கில் வெளிவந்தது. 2017இல் கிளப் தலைவர் ஆந்த்ரேயா அன்யெல்லிக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைந்தது. பின்னர் யுவென்டஸ் சலுகைகளை நிறுத்தியது, மிரட்டல் வந்தது, கிளப்பே போலீசுக்குப் போனது. 2019 செப்டம்பரில் அல்ட்ரா தலைவர்கள் பிடிபட்டார்கள்.

ரோம் நகரின் லாட்சியோ கிளப்பின் கதை இன்னும் மோசம். அங்கே 'இர்ரிதுச்சிபிலி' என்ற குழு கிளப் பெயரில் சட்டையும் துண்டும் விற்கும் கடைகளையே நடத்தியது. 2004இல் கிளப்பை வாங்கிய கிளாவ்தியோ லோத்தித்தோ, ஏறக்குறைய 14 கோடி யூரோ வரிபாக்கியை 23 ஆண்டுத் தவணையாக்கிக் கொண்டார். கையோடு இலவச டிக்கெட்டையும் வெட்டினார். உடனே அவர் கிளப்பை விற்றுவிட வேண்டும் என்று போர்க்கொடி. வாங்க வந்ததாகக் காட்டப்பட்ட குழுவின் முகம், 1974 சாம்பியன் அணியின் நாயகன் ஜார்ஜோ கினாலியா. பின்னால் இருப்பது நாபொலி வட்டார மாஃபியாவான கமோராவின் பணமோ என்று புலனாய்வாளர்கள் சந்தேகித்தார்கள். 2006 அக்டோபரில் குழுத் தலைவர்கள் கைதானார்கள். லோத்தித்தோ போலீஸ் பாதுகாப்போடு நடமாட வேண்டியதாயிற்று, ஆனால் விற்கவில்லை.

அரசு சும்மா இருந்ததா என்றால், இல்லை. 1989இன் 401ஆம் எண் சட்டம் 'தாஸ்போ' என்ற அரங்கத் தடையைக் கொண்டுவந்தது. நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், மாகாணக் காவல் தலைவரே விதிக்கலாம். ஆட்ட நேரத்தில் காவல் நிலையம் வந்து கையெழுத்துப் போடு என்றும் சேர்த்தால் மட்டும் நீதிபதியின் ஒப்புதல் தேவை. 2005 முதல் டிக்கெட்டில் பெயர் அச்சாகிறது. 2007 பிப்ரவரி 2 அன்று கத்தானியா–பலேர்மோ ஆட்டத்தில் நடந்த கலவரத்தில் பிலிப்போ ராச்சித்தி என்ற காவல் ஆய்வாளர் இறந்தார். அதற்குப் பிறகு, பாதுகாப்பு ஏற்பாடு முடியாத அரங்குகளில் ரசிகர்களை அனுமதிக்கவில்லை. வீடியோவைப் பார்த்து 48 மணி நேரத்துக்குள் கையும் களவுமாகப் பிடித்ததாகவே கைது செய்யலாம் என்றும் ஆக்கினார்கள்.

இவற்றால் அரங்குக்குள் அடிதடி குறைந்தது. சண்டை நெடுஞ்சாலைக்கும் சந்துக்கும் இடம் மாறியது. 2018 டிசம்பர் 26 அன்று இன்டர்–நாபொலி ஆட்டத்துக்கு முன் மிலான் தெருவில் நடந்த மோதலில், வண்டி மோதி ஒருவர் இறந்தார்.

மிலான் நகரத்தில் இன்டர், மிலான் என்று இரண்டு பெரிய கிளப்புகள். 2022 அக்டோபர் 29 அன்று அங்கே இன்டர் கூர்வாவின் மூத்த தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார். செய்தி அரங்கில் பரவியதும் குழந்தைகளோடு வந்தவர்கள் உட்பட மொத்தக் கூர்வாவையும் அல்ட்ராக்கள் வெளியே துரத்தினார்கள். இரண்டு ஆண்டில் இன்டர் அல்ட்ரா தலைவர்களுக்குள்ளேயே இன்னொரு கொலை. 2024 செப்டம்பர் 30 அன்று இன்டர், மிலான் ஆகிய இரண்டு கூர்வாக்களிலும் சேர்த்து 19 பேருக்குக் கைது உத்தரவு. கூர்வாவில் பரம வைரிகளான இரண்டு குழுத் தலைமைகளும் டிக்கெட், வாகன நிறுத்தம், தின்பண்டக் கடை வருமானத்தில் சமாதானமாக ஒத்துப்போயிருந்தன என்பது வழக்கு.

இரண்டு பக்கத்துத் தலைவர்கள் மீதும் தாஸ்போ தடை ஏற்கெனவே இருந்தது. தடை அரங்குக்குத்தான். இன்டர் கூட்டம் கூடும் சிறு மதுக்கடையோ, இரண்டு கிளப்புகளும் ஆடும் சான் சிரோ அரங்கை ஒட்டி, வெளியே இருந்தது.