97 சதவீதம்னா எதுல 97 சதவீதம்? மதம் பத்தி சர்வே எடுக்கிறவங்களோட சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கொஞ்சம் நீளம், சுருக்கிப் படிக்கிறேன். "எம்.ஏ. சமூகவியல் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். எங்க தாலுகாவுல பொதுவாழ்க்கையில மதத்துக்கு என்ன பங்குன்னு ப்ராஜெக்ட். 200 பேர்கிட்ட கேக்கப் போறேன். இந்தியாவுல 97 சதவீதம் பேருக்குக் கடவுள் நம்பிக்கை இருக்குன்னு ஒரு பெரிய சர்வேல வந்திருக்கே, மதத்தோட செல்வாக்குக்கு அதுவே போதுமான ஆதாரம் இல்லையா? நான் தனியா என்ன கேக்கணும்?"

நல்ல கேள்வி. நீங்க சொல்ற சர்வே அமெரிக்காவுல இருக்கிற பியூ ஆய்வு மையம் 2021ல வெளியிட்டது. 2019 நவம்பர்ல ஆரம்பிச்சு 2020 மார்ச் வரைக்கும், 29,999 பேரை நேர்ல பார்த்து, 17 மொழியில கேட்டது. 97 சதவீதம்ங்கறது அதுல இருக்கு, உண்மைதான். ஆனா அது உங்க தலைப்புக்குப் பதில் இல்லை. சாமி இருக்குன்னு நம்புறவர் வார்டு எலெக்‌ஷன்ல எதைப் பார்த்து ஓட்டுப் போடுறார், வாடகைக்கு வீடு விடும்போது என்ன விசாரிக்கிறார், இதெல்லாம் அந்த எண்ணுக்குள்ள கிடையாது.

அதே சர்வேலயே பாருங்க. எல்லா மதத்தையும் மதிக்கிறது இந்தியரா இருக்கிறதுக்கு ரொம்ப முக்கியம்னு சொன்ன இந்துக்கள் 85 சதவீதம். அதே இந்துக்கள்கிட்ட, ஒரு முஸ்லிம் உங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரரா வந்தா ஏத்துக்குவீங்களான்னு கேட்டா, 36 சதவீதம் பேர் ஏத்துக்க மாட்டோம்னாங்க. ரெண்டு பதிலும் பொய் இல்லை. முதல் கேள்வி கொள்கையைக் கேக்குது, ரெண்டாவது பக்கத்து வாசலைக் கேக்குது. பொதுவாழ்க்கைன்னு தலைப்பு வச்சுட்டீங்கன்னா உங்களுக்கு வேண்டியது ரெண்டாவது மாதிரிக் கேள்விதான்.

மதம் பத்திக் கேக்கும்போது மூணு விஷயம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். எந்த மதத்துல சேர்ந்தவர், எதை நம்புறார், என்ன செய்யறார். மூணையும் தனித்தனியாக் கேக்கணும், ஒண்ணை வச்சு இன்னொண்ணை ஊகிக்கவே கூடாது.

சேர்ந்திருக்கிறதை எடுத்துக்குவோம். இங்கிலாந்து, வேல்ஸ் சென்சஸ்ல "உங்கள் மதம் என்ன?"ன்னு கேக்கிறாங்க. 2011ல மதம் இல்லைன்னு சொன்னவங்க சுமார் 25 சதவீதம். அந்த நாட்டுலயே வருஷா வருஷம் நடக்கிற ஒரு சமூக மனப்பான்மை சர்வேல "ஏதாவது ஒரு மதத்தைச் சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா?"ன்னு கேக்கிறாங்க. அதே காலத்துல அங்க இல்லைன்னவங்க கிட்டத்தட்டப் பாதி. முதல் கேள்வி, மதம்னு ஒண்ணு உங்களுக்கு இருக்குங்கறதை முன்கூட்டியே எடுத்துக்குது. அதோட சென்சஸ் படிவத்தை வீட்டுல ஒருத்தர் எல்லாருக்கும் சேர்த்து நிரப்பிடுவார். அப்பா எழுதறதுதான் பையனோட மதம்!

நம்ம ஊர்ல சிக்கல் வேற மாதிரி. 1950ம் வருஷ குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து முதல்ல கிட்டத்தட்ட இந்துக்களுக்கு மட்டும்தான். 1956ல சீக்கியர், 1990ல பௌத்தர் சேர்ந்தாங்க. கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னைக்கும் அதுல இல்லை. அதனால ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்குப் போற ஒரு குடும்பம் காகிதத்துல இந்துவா இருக்கலாம். நீங்க போய் "சர்டிபிகேட்ல என்ன போட்டிருக்கு?"ன்னு கேட்டுடாதீங்க. அந்த வீட்டுல இண்டர்வியூ அதோட முடிஞ்சது, பக்கத்து நாலு வீட்டுலயும் கதவு திறக்காது. "வழிபாட்டுக்கு எங்க போவீங்க?"ன்னு மட்டும் கேளுங்க. உங்க ஆய்வுக்கு அது போதும்.

செய்யறதைக் கேக்கும்போது ஜனங்க கூட்டித்தான் சொல்லுவாங்க. 1993ல ஹாடவே, மார்லர், சேவ்ஸ்னு மூணு ஆய்வாளர்கள் அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல ஒரு கவுண்டியை, நம்ம மாவட்டம் மாதிரி, எடுத்துக்கிட்டாங்க. அங்க போன்ல கேட்டப்போ புராட்டஸ்டன்ட்கள்ல சுமார் 36 சதவீதம் பேர் அந்த வாரம் சர்ச்சுக்குப் போனதாச் சொன்னாங்க. சர்ச் சர்ச்சா வருகைக் கணக்கைச் சேகரிச்சு, கணக்குக் கிடைக்காத இடத்துல வாசல்ல நின்ன கார்களைக் கூட எண்ணிப் பார்த்தா, வந்தது சுமார் 20 சதவீதம். பாதிப் பேர் பொய் சொல்றாங்கன்னு இதுக்கு அர்த்தம் பண்ணிக்காதீங்க. "போனீங்களா?"ன்னு கேட்டா "நான் சர்ச்சுக்குப் போற ஆள்தான்"னு பதில் வருது, அவ்வளவுதான். அதனால, "வாரா வாரம் கோயிலுக்குப் போவீங்களா?"ன்னு கேக்காதீங்க. நேத்துக் காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன செஞ்சீங்கன்னு வரிசையாச் சொல்லச் சொல்லுங்க. அதுல கோயில் தானா வருதா பாருங்க. மதம்ங்கற வார்த்தையையே எடுக்காம கேக்கிறதுதான் இதுல சூட்சுமம்.

இப்ப வார்த்தைக்கு வருவோம், தமிழ்ல கேள்வித்தாள் போடறவங்க பெரும்பாலும் கோட்டை விடற இடம் இது. "கோயில்"னா இந்துக் கோயில் மட்டும்னு நினைச்சுடாதீங்க, கத்தோலிக்கரும் கோயிலுக்குப் போறேன்னுதான் சொல்லுவாங்க. "பிரார்த்தனை"ன்னு அச்சடிச்சா யார் வாயிலயும் இல்லாத வார்த்தையா நிக்கும். ஒருத்தர் சாமி கும்பிடறார், ஒருத்தர் தொழறார், ஒருத்தர் ஜெபம் பண்றார். கேள்வித்தாள்ல மூணு வடிவமும் போட்டு, ஆளுக்குத் தகுந்ததை வாசிங்க. "கடவுள் நம்பிக்கை உண்டா?"ங்கறது தமிழ்நாட்டுல சும்மா ஒரு கேள்வி இல்லை. இல்லைன்னு சொன்னா பெரியார் கட்சியான்னு அடுத்த கேள்வி வரும். நம்பிக்கையே இல்லாதவர் கூட அந்த வம்புக்குப் பயந்து உண்டுன்னுடுவார். அதோட, தினமும் பூஜை கிடையாது, வருஷத்துக்கு ஒரு தடவை குலதெய்வத்துக்குக் கெடா வெட்டறதோட சரின்னு இருக்கிறவரை எதுல சேர்ப்பீங்க? அதுக்குத் தனியா ஒரு கேள்வி வேணும்.

நீங்க அனுப்பின மாதிரிக் கேள்விகள்ல ஒண்ணு: "மதம் அரசியலில் தலையிடுவது சரியா?" தலையிடுறதுங்கற வார்த்தையே தப்புன்னு சொல்லிடுது. அதை எடுத்துட்டு மூணாப் பிரிங்க. சாமியார், மதகுரு, இமாம் யாராவது இந்தக் கட்சிக்குப் போடுங்கன்னு சொன்னா அது உங்க முடிவை மாத்துமா? ஒரே தகுதியோட ரெண்டு வேட்பாளர், ஒருத்தர் உங்க மதம், யாருக்குப் போடுவீங்க? தெருவுல வேற மதத்து ஊர்வலம் வந்தா கடையை அடைப்பீங்களா, திறந்து வைப்பீங்களா? சரியா தப்பான்னு கேட்டா பாதிப் பேர் தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. என்ன செய்வீங்கன்னு கேட்டாத்தான் யோசிப்பாங்க. அச்சடிக்கிறதுக்கு முன்னாடி பத்துப் பேர்கிட்ட வாசிச்சுக் காட்டி, "நான் என்ன கேட்டேன், உங்க வார்த்தையில சொல்லுங்க"ன்னு கேளுங்க. கேள்வி எங்க உடையுதுன்னு அஞ்சாவது ஆள்லயே தெரிஞ்சுடும்.

ஆள் எடுக்கிறது. பஸ் ஸ்டாண்டுல, டீக்கடையில கிடைச்சவங்ககிட்ட கேட்டா அது சர்வே இல்லை, அரட்டை. வாக்காளர் பட்டியல்ல ஒரு பாகத்துல 1,000 பேர் இருக்காங்கன்னா, 50 பேர் வேணும்னா இருபதுக்கு ஒருத்தர். 1ல இருந்து 20க்குள்ள ஒரு எண்ணைச் சீட்டுப் போட்டு எடுத்து, 7 வந்தா 7, 27, 47ன்னு போங்க. இந்த மாதிரி நாலு பாகம் எடுத்தா 200 பேர் ஆச்சு. ஆள் வீட்டுல இல்லைன்னா மூணு தடவை, வேற வேற நேரத்துல போங்க. பகல்ல மட்டும் போனா வேலைக்குப் போறவங்க கழண்டு, வயசானவங்க நிறைஞ்சு, பக்தி கூடிப்போயிடும்.

200 பேர்னா மொத்தமாப் பார்த்து வர்ற சதவீதம் உண்மையில இருந்து ஏறக்குறைய 7 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். அது பரவாயில்லை. 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டுல முஸ்லிம் 5.86 சதவீதம், கிறிஸ்தவர் 6.12. உங்க தாலுகாவும் அப்படின்னா 200ல முஸ்லிம் 12 பேர்தான். ஒரு ஆள் பதிலை மாத்தினாலே 8 சதவீதம் ஆடும். "முஸ்லிம்களில் 25 சதவீதம்"னு நீங்க எழுதறது உண்மையில மூணு பேர். அதனால சிறுபான்மையைக் கூடுதலா எடுக்கணும். பியூ சர்வேல சீக்கியர் 1,782 பேர், மாதிரியில, அதாவது கேட்ட மொத்தப் பேர்ல, அது 6 சதவீதம் பக்கம், நாட்டுல 1.7தான். நீங்க முஸ்லிம் 40 பேர் எடுத்தா அது மாதிரியில 20 சதவீதம். மொத்தக் கணக்குப் போடும்போது அந்த 40 பேரோட ஒவ்வொரு பதிலையும் 0.3ஆல பெருக்கணும், 6ஐ 20ஆல வகுத்தா வர்றது அது. மத்த 160 பேரோட பதிலை 94ஐ 80ஆல வகுத்தா வர்ற சுமார் 1.18ஆல பெருக்கணும். இதை விட்டுட்டா தாலுகாவோட மொத்த எண்ணே கோணலாயிடும்.

எப்பப் போறீங்கங்கறதும் முக்கியம். ரமலான் மாசத்துல தொழுகை பத்தி, கார்த்திகை மாலை சீசன்ல விரதம் பத்திக் கேட்டா வருஷம் பூரா அப்படித்தான்னு காட்டும். போறவர் நெத்தியில என்ன இருக்கு, தலையில என்ன இருக்குன்னு எதிராளி பார்த்துட்டுத்தான் வாயைத் திறப்பார். முடிஞ்சா ரெண்டு மதத்துப் பசங்களைக் கேக்க அனுப்பி, யார் கேட்டாங்கன்னு ஒவ்வொரு தாள்லயும் குறிச்சு வைங்க, பின்னாடி பதில் மாறுதான்னு ஒப்பிடலாம். மருமககிட்டக் கேக்கும்போது மாமியார் திண்ணையில உக்காந்திருந்தா அதையும் எழுதணும்.

கடைசியா ஒண்ணு. பேரும் கதவு எண்ணும் ஒரு நோட்டுல, பதில் இன்னொரு தாள்ல, ரெண்டையும் இணைக்கிற வரிசை எண் உங்க கையில மட்டும். மதத்தோட பேரும் தெருவும் சேர்ந்த பட்டியல் வாட்ஸ்அப் குரூப்புல போயிடக் கூடாது. ஊர்ல ஏதாவது பதட்டம்னா அந்த வாரம் போகவே வேண்டாம். ரிப்போர்ட் முடிஞ்ச பிறகு முதல் நோட்டைக் கிழிச்சுப் போட்டுடுங்க.

சரி, அடுத்த கேள்வி யாரு?