கடலோரச் சாலை என்றால் சமதளம்தானே? கேப் டவுன் போகும் நண்பரின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்விதான். சென்னையிலிருந்து ஒரு நண்பர் அனுப்பியிருக்கிறார். அடுத்த மார்ச் மாதம் தென்னாப்பிரிக்காவில் நடக்கும் கேப் டவுன் சைக்கிள் டூருக்குப் பெயர் கொடுத்திருக்கிறாராம். அவர் கேட்பதை அப்படியே வாசிக்கிறேன்: "கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாரம் தவறாமல் 100 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். சராசரி வேகம் 30. கேப் டவுனில் மொத்தமே 109 கிலோமீட்டர். வழியில் எந்த இடமும் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம்கூட வராது. மூன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் அல்லவா? கியர் மாற்ற வேண்டுமா? என்னிடம் 50 மில்லிமீட்டர் உயர ரிம் (விளிம்பு) வைத்த சக்கரங்கள் இருக்கின்றன, அவற்றைக் கொண்டுபோகலாமா?"

முதல் கேள்விக்குப் பதில்: முடியாது. நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வந்தால் மகிழ்ச்சி. உங்கள் கால்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் பார்த்த எண்தான் தவறான எண். மலைப்பாதைக்குப் போகிறவர் "உச்சி எவ்வளவு உயரம்" என்று கேட்பது சரி, ஏனென்றால் அங்கே ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்குவார். மலை நேராகக் கடலில் வந்து விழும் இடத்தில் அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை. அங்கே சாலை ஒரு முனையில் ஏறும், அடுத்த விரிகுடாவில் கடல் மட்டத்துக்கே இறங்கும், உடனே மறுபடி ஏறும். கேப் டவுன் பாதையில் இப்படிச் சேரும் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 1200 மீட்டர். மலைப்பாதை உங்களிடமிருந்து ஒரே நோட்டாக வாங்கிக்கொள்வதை இந்தச் சாலை சில்லறை சில்லறையாக வாங்கும், மடி எப்போது காலியானது என்றே தெரியாது.

"ஏறினால் இறங்கத்தானே வேண்டும், இறக்கத்தில் நேரத்தைப் பிடித்துவிடலாமே" என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்கு 10 வேகத்தில் ஏறினால் ஒரு மணி நேரம். அதே பத்து கிலோமீட்டரை 50 வேகத்தில் இறங்கினால் 12 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 20 கிலோமீட்டருக்கு 72 நிமிடம், சராசரி வேகம் 17-க்குக் கீழே. 10-க்கும் 50-க்கும் நடுவில் 30 இருக்கிறதே என்ற கணக்கு இங்கே செல்லாது, ஏனென்றால் மெதுவாகப் போகும் இடத்தில்தான் அதிக நேரம் கழிகிறது. அதோடு, வளைந்து வளைந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கிறீர்கள். கஷ்டப்பட்டு ஏறிச் சேர்த்த உயரம் பிரேக் கட்டையில் சூடாகப் போய்விடுகிறது, அடுத்த மேட்டுக்கு உதவுவதில்லை.

உழைப்பையும் பார்த்துவிடலாம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். காற்றில்லாத சமதளத்தில் மணிக்கு 30 வேகத்தில் போக 150 முதல் 160 வாட் வரை தேவைப்படும். 7 சதவீத ஏற்றத்தில் வெறும் 10 வேகத்தில் ஏறவே அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அதாவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உங்களை 30-ல் ஓட்டும் அதே கால்கள் அங்கே பத்தில் ஓட்டும்.

அங்கே காற்று என்று இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் ஏற்றத்தைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். கோடைக்காலத்தில் கேப் டவுனுக்குத் தெற்கே நீளும் தீபகற்பத்தின்மீது வீசும் தென்கிழக்குக் காற்றை ஊர்க்காரர்கள் 'கேப் டாக்டர்' என்கிறார்கள். அங்கே கோடை என்பது நமது குளிர்காலம். மார்ச் என்றால் அதன் கடைசிப் பகுதி, காற்று இன்னும் ஓய்ந்திருக்காது. 2017-ல் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வீசிய காற்றால் முழு நிகழ்ச்சியையுமே ரத்து செய்தார்கள். நின்ற இடத்திலேயே கையிலிருந்த சைக்கிள் பறந்தது, ஆட்களும் விழுந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2015-ல், மலைக் காட்டுத்தீயால் பாதையை 47 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். இத்தனைக்கும் சைக்கிள் பாதை வேண்டும் என்ற கோரிக்கையோடு சில நூறு பேர் ஓட்டிப்போனதிலிருந்து பிறந்தது இது; முதல் நிகழ்ச்சி 1978-ல் நடந்தது. இன்று பல்லாயிரம் பேர் ஓட்டுகிறார்கள்.

30 கிலோமீட்டர் வேக எதிர்காற்று அங்கே பெரிய விஷயமே இல்லை. சமதளத்தில் அதற்கு எதிரே அதே 155 வாட்டைக் கொடுத்தால் உங்கள் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 30 என்பது 15 ஆகும். இப்போது வரைபடத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். நகரத்தில் கிளம்பி, தீபகற்பத்தின் கிழக்குப் பக்கமாகத் தெற்கே போகிறீர்கள்: மியூசன்பர்க், சைமன்ஸ் டவுன், பிறகு ஸ்மிட்ஸ்விங்கல் ஏற்றம். அங்கிருந்து கேப் பாயின்ட் வாயில் அருகே மேற்கே திரும்பி, ஸ்கார்பரோ, நோர்தூக், சாப்மன்ஸ் பீக், ஹவுட் பே வழியாக வடக்கே வருகிறீர்கள். தென்கிழக்குக் காற்று வீசும் நாளில் முதல் பாதி முழுவதும் முகத்தில் அறையும், இரண்டாம் பாதியில் முதுகைத் தள்ளும். ஆகவே முதல் பாதியில் சராசரி வேகம் குறைகிறதே என்று மீட்டரைப் பார்த்துப் பதறாதீர்கள். அங்கே பதறி மிதித்தவர்களைத்தான் பிற்பாடு ஹவுட் பேயைத் தாண்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கப் பார்க்கிறோம்.

கூட்டத்தோடு ஓட்டுங்கள், ஆனால் சரியான இடத்தில் ஓட்டுங்கள். தெற்கே போகும்போது கடல் உங்கள் இடப்பக்கம். காற்று இடப்பக்க முன்னாலிருந்து வருகிறது. முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் இருந்தால் மறைப்பு அரைகுறைதான். அவருடைய பின்சக்கரத்துக்கு வலப்பக்கமாகச் சற்றுத் தள்ளியிருந்தால்தான் முழு மறைப்பு. முகத்தில் அடிக்கும் காற்றின் இரைச்சல் சட்டென்று அடங்கும், அதுதான் அடையாளம். முன்சக்கரத்தை மட்டும் அவருடைய பின்சக்கரத்தோடு பக்கவாட்டில் ஒட்ட வைக்காதீர்கள். அவர் ஒரு சாண் நகர்ந்தால் விழப்போவது நீங்கள்தான்.

சாப்மன்ஸ் பீக் மலைச்சாலை பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தைகூட இல்லை, ஆனால் இந்தப் பாதையின் உயிரே அதுதான். 9 கிலோமீட்டரில் 114 வளைவுகள், சராசரியாக 80 மீட்டருக்கு ஒன்று. 1915-ல் வெட்டத் தொடங்கி 1922-ல் திறந்தார்கள். கைதிகளை வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். பாறையை உற்றுப் பார்த்தால் சாலை ஏன் அங்கே ஓடுகிறது என்பது புரியும். கீழே கடல்வரை கெட்டியான கிரானைட். அதன்மேல் சிவப்பும் மஞ்சளுமாக அடுக்கடுக்காகப் படிந்த பாறை. இரண்டும் சேரும் கோட்டை ஒட்டியே சாலையை வெட்டியிருக்கிறார்கள். அடித்தளத்துக்குக் கிரானைட் கிடைத்தது சௌகரியம். தலைக்குமேல் உதிரும் அடுக்குப் பாறை இருப்பது தொல்லை. கல் விழுந்து காரில் சென்ற ஒருவர் இறந்தார். 2000-ன் தொடக்கத்தில் சாலையை மூடினார்கள். கம்பிவலைகள் அடித்து, ஓரிடத்தில் பாறையைக் குடைந்து கூரைபோல விட்டு, 2003 டிசம்பரில்தான் சுங்கச் சாலையாகத் திறந்தார்கள்.

நோர்தூக்கிலிருந்து அதில் ஏறும்போது கடல் இடப்பக்கம், மலை வலப்பக்கம். அங்கேயும் நம் ஊர்போல இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். அதனால் நீங்கள் போவது கடல் ஓரமாக. சாலைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருப்பது குட்டையான கல்சுவர். மலை உள்வாங்கும் மடிப்புகளில் காற்றே இருக்காது. மூக்குபோல வெளியே நீளும் வளைவைச் சுற்றும்போது மலைக்கு மேலிருந்து ஒரு வீச்சு இறங்கி உங்களை அந்தச் சுவரை நோக்கித் தள்ளும். பயந்து கைப்பிடியை இறுக்கினால் சைக்கிள் இன்னும் ஆடும். முழங்கையைத் தளர்த்தி, உடலைத் தாழ்த்தி, ஓரத்திலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி ஓட்டுங்கள். இறக்கத்தில் பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிடுங்கள்; வளைவுக்குள் நுழைந்த பிறகு பிடிக்கக் கூடாது. நிகழ்ச்சி நாளில் எதிரே வண்டி வராது. அதற்கு முந்தைய நாட்களில் பழகப் போனால் வரும், அதுவும் சுற்றுலாக்காரர்கள் காட்சியைப் பார்த்துக்கொண்டே ஓட்டி வருவார்கள்.

இப்போது கியர். முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு சக்கரங்கள் (50/34), பின்னால் 11 முதல் 32 பல் வரையுள்ள பல்சக்கர அடுக்கு (11-32 கேசட்). உங்கள் சைக்கிளில் பின்னால் 28 பல்தான் பெரியது என்றால் மாற்றிவிடுங்கள். 34-க்கு 32 வைத்தால் ஒரு சுற்று மிதிப்புக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் நகர்வீர்கள். நிமிடத்துக்கு 75 சுற்று மிதித்தால் வேகம் மணிக்குப் பத்து. 34-க்கு 28 என்றால் அதே பத்துக்குச் சுற்று 65 ஆகக் குறையும், ஒவ்வொரு மிதியும் கனக்கும். முதல் மேட்டில் வேறுபாடு தெரியாது. 90 கிலோமீட்டர் சுமாருக்கு ஹவுட் பேயிலிருந்து சூய்க்கர்போசி ஏற்றம் வரும். 2 கிலோமீட்டரை ஒட்டிய நீளம், 6, 7 சதவீதச் சரிவு. தனியாக எடுத்தால் ஒன்றுமில்லாத மேடு. அங்கேதான் தொடை கடுத்துப்போய், இன்னும் ஒரு பல் கிடைக்காதா என்று விரல் கியர் லீவரைத் தேடும்.

பயிற்சிக்கு, மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பயனில்லை. மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே மேம்பாலம் முடிந்துவிடும். கடற்காற்று எழும்பும் மதிய வேளையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போங்கள். வெயில் ஒரு தொல்லைதான், தண்ணீர் இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 60 கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டிவிட்டு, அதன் பிறகு காற்றுக்கு எதிரே ஆறு நிமிடம் கடினமாக, மூன்று நிமிடம் லேசாக என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். களைத்த காலோடு செய்வதுதான் முக்கியம், விடிகாலையில் புத்துணர்ச்சியோடு செய்தால் இந்தப் பாதைக்கு உதவாது. இறக்கத்தைச் சமதளத்தில் பழகவே முடியாது. அதற்கு ஏலகிரிக்குப் போங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறுவதற்காகப் போகிறவர்கள்தான் அதிகம், நீங்கள் இறங்குவதற்காகப் போங்கள்.

சாப்பாடு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்மிட்ஸ்விங்கல் ஏற்றத்துக்கு முன்பே எதையாவது சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அந்தப் பக்கம் பபூன் குரங்குகள் உண்டு. பழகப் போகும் நாளில் வாழைப்பழத்தைச் சட்டைப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டு சாலையோரம் நின்றால், பழத்தோடு பையும் போகும்.

கடைசியாக அந்த 50 மில்லிமீட்டர் சக்கரங்கள். கொண்டுபோக வேண்டாம். நேர்க்காற்றில் அவை மிச்சம் பிடித்துக் கொடுக்கும் ஒன்றிரண்டு நிமிடத்தை, பக்கக் காற்று வீசும் ஒரே வளைவு திருப்பி எடுத்துக்கொள்ளும். முன்சக்கரத்தில் 30 மில்லிமீட்டருக்கு மேல் ரிம் வேண்டாம் என்பது என் கருத்து, உடல் எடை 60 கிலோவுக்குக் கீழே என்றால் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். டயர் 28 மில்லிமீட்டர் போடுங்கள். மிச்சமாகும் இடத்தில் காற்றுப்புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்றை மடித்து வையுங்கள்; விடியற்காலையில் தொடக்கக் கோட்டில் காத்திருக்கும்போது குளிரும்.