கேள்விதான் ஐயா குற்றவாளி

நடுவர் அவர்களே, முள்ளியவளை மக்களே, வணக்கம். நீதிமன்றத்தில் ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களான ஜூரிகளைத் தெரிவுசெய்யும்போது கேட்கும் கேள்விகள் அவர்களின் மனத்தைத் தெளியவைப்பதில்லை, சாயவைக்கின்றன என்பதே எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் சற்றுமுன், "கேள்வி கேளாமல் மாப்பிள்ளை எடுக்கலாமோ? இவருடைய மாமனார் அப்படி எடுத்துத்தான் ஏமாந்தார்" என்றார். மாமனார் ஏமாந்தது உண்மை. அவர் முன்வரிசையில் இருக்கும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மாப்பிள்ளைக் கதையை அவர் தொடங்கினார், நான் முடிக்கிறேன். ஒட்டுசுட்டானில் இருக்கும் என் பெரியப்பா, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க இந்த ஊருக்குத்தான் வந்தார். பையன் தலைகுனிந்து நிற்கிறான். பெரியப்பா பயத்தம் பணியாரத்தைக் கடித்தபடி, "தம்பி, குடிப்பதுண்டோ?" என்றார்.

"இல்லை ஐயா."

"கொஞ்சம்கூட?"

"இல்லை ஐயா."

"கலியாண வீட்டிலாவது?"

"இல்லை ஐயா."

"சரி, செத்த வீட்டில்?"

தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பெரியப்பா ஒட்டுசுட்டான் போய்ச் சேருமுன்னே பையன் குடிகாரன் என்று ஊரெல்லாம் கதை. அவன் சோடா குடித்தாலும் போத்தலை வாங்கி முகர்ந்து பார்த்தார்களாம்! கடைசியில் பெரியப்பாவே, "ஏதோ இருக்கப்போய்த்தானே நான் கேட்டேன்" என்று சம்பந்தத்தை விட்டுவிட்டார். கேட்டவரும் அவர், நம்பியவரும் அவர்!

அமெரிக்க உளவியலாளர் கிரெய்க் ஹேனி 1984 இல் இதைச் சோதித்தே காட்டினார். ஜூரித் தெரிவின் ஒளிப்பதிவை இரு கூட்டத்தாருக்குக் காட்டினார். ஒன்றில் மட்டும் மரண தண்டனை விதிக்க முடியுமா என்ற கேள்விகள் இருந்தன. அதைப் பார்த்தவர்களே குற்றம்சாட்டப்பட்டவர் குற்றவாளிதான் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். வழக்கில் ஒரு சாட்சிகூட இன்னும் ஏறவில்லை!

நம் நாட்டில் ஜூரிகள் ஏழு பேர். ஐந்துக்கு இரண்டு என்றாலே தீர்ப்பு. 1996 இல் திருகோணமலை மாவட்டத்துத் தமிழ்க் கிராமமான குமாரபுரத்தில் பிள்ளைகளும் தாய்மாரும் கொல்லப்பட்டார்கள். 2016 இல் அனுராதபுரத்தில் ஜூரிகள், குற்றம்சாட்டப்பட்ட இராணுவத்தினர் ஆறு பேரையும் விடுவித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், கொழும்பில், தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜின் கொலை வழக்கு. சிங்களம் பேசும் ஜூரிகள், எல்லோரும் விடுதலை.

"அங்கே கேள்வி கேட்டிருந்தால் நீதி கிடைத்திருக்குமே" என்று எதிரணித் தலைவர் எழும்புவார். எழும்பட்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்த தாய்மாரும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "என் பிள்ளை எங்கே?" அதற்கு எந்த நீதிமன்றம் பதில் சொன்னது? தலைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றால், அந்தத் தாய்மாரின் முகத்தைப் பார்த்து அவர் அதைச் சொல்லட்டும். மணி அடித்துவிட்டீர்கள். வணக்கம்.