ஃப்ரீசாவுக்கு ஓர் அலமாரி

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அய்யா அவர்களே, கூட்டம் முடியும்வரை கதவைப் பூட்டாமல் காத்திருக்க ஒப்புக்கொண்ட நல்நூலகர் அம்மா அவர்களே, அவசர வேலைகளுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, மாணவர்களை வரிசையாக அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, எனக்கு முன் கம்பனின் இராவணனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசி, என் நேரத்தையும் சேர்த்தே சிறப்பித்துவிட்ட புலவர் அய்யா அவர்களே, டீ வரும் என்ற நம்பிக்கையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, வணக்கம். பொன்னாடை போர்த்திய பொருளாளருக்குத் தனியாக ஒரு நன்றி. அடுத்த முறை அந்தக் காசுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வல்லவனுக்கு வல்லவன் வையகத்தில் உண்டு. இந்தப் பழமொழியை நான் எந்த மேடையிலும் விடுவதில்லை என்று தெரிந்தவர்கள் அங்கே சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு முழு உரிமை இருக்கிறது. இந்த ஒரு வரியைத்தான் ஜப்பானிய ஓவியர் அகிரா டோரியாமா 519 அத்தியாயங்களாக வரைந்து தள்ளினார். ‘டிராகன் பால்’ என்ற மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை. 1984 கடைசியில் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கி 1995இல் முடிந்தது. மொத்தம் 42 தொகுதிகள். சிவகாசியில் லயன் காமிக்ஸ் தொடங்கியதும் அதே 1984தான் என்பதை இங்கே இருக்கும் பழைய வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இதைப் பற்றி ஐந்து செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, வில்லன்களில் யார் பெரியவர். இரண்டு, ஒரு கதைக்கட்டத்தை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது. மூன்று, சண்டைக் காட்சியை வரையும் கலை. நான்கு, தொலைக்காட்சித் தொடர் இதை எப்படி இழுத்தது. ஐந்து, புல்மா என்ற பெண் இல்லாவிட்டால் கதையே இல்லை என்பது.

முதலாவது பிக்கலோ. அதற்கு முந்தைய எதிரிகளெல்லாம் பாதி சிரிப்புப் போலீஸ்தான், விட்டுவிடுவோம். தற்காப்புக் கலைப் போட்டி முடிந்து எல்லோரும் கிளம்புகிறார்கள். கதாநாயகன் கோகு தன் தடியையும் பந்தையும் உள்ளேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறான். நான் எடுத்து வருகிறேன் என்று நண்பன் க்ரிலின் ஓடுகிறான். உள்ளிருந்து ஓர் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் க்ரிலின் செத்துக் கிடக்கிறான். அதுவரை நகைச்சுவைத் தொடராக இருந்தது அந்தப் பக்கத்தோடு முடிந்துபோகிறது. அனுப்பியவன் அசுரராஜன் பிக்கலோ. கோகு அவனைக் கொல்கிறான். சாகும்போது அவன் ஒரு முட்டையைத் துப்பிவிட்டுப் போகிறான். அந்த முட்டையில் பிறந்தவன், பழி வாங்கவே பிறந்தவன், பின்னால் கோகுவின் மகன் கோஹானுக்கு ஆசானாகிறான். கடைசியில் நப்பா என்ற எதிரியின் தாக்குதலுக்குக் குறுக்கே கையை விரித்து நின்று, அந்தச் சிறுவனுக்காகச் செத்துப்போகிறான். புலவர் அய்யா மன்னிக்க வேண்டும், இப்படி ஒரு வாய்ப்பு இராவணனுக்குக் கிடைக்கவில்லை.

வல்லவனுக்கு வல்லவன்! அடுத்து வேற்றுக்கிரக இளவரசன் வெஜிட்டா, அவனுக்கும் மேலே ஃப்ரீசா. என் கட்சி ஃப்ரீசா கட்சிதான், மறைக்கவில்லை. வந்த புதிதில் அவன் கத்துவதில்லை. ஜப்பானிய மூலத்தில் மரியாதையாக, நீங்கள் நாங்கள் என்றுதான் பேசுகிறான். தொழில் என்ன தெரியுமா? ஒரு கிரகத்துக்குப் போவது, அங்கே குடியிருப்பவர்களை ஒழிப்பது, காலி இடத்தை நல்ல விலைக்கு விற்பது. அன்றைய ஜப்பானில் நிலத்தை வளைத்துப் போட்டு விற்றவர்களை மனத்தில் வைத்தே இவனை வரைந்ததாக டோரியாமா சொல்லியிருக்கிறார். இப்போது பலமாகக் கைதட்டியவர்கள் வீட்டுமனை வாங்கி நொந்தவர்கள் போலிருக்கிறது! இவன் மூன்று முறை உருமாறுகிறான். முதல் மாற்றத்தில் மலைபோல் வளர்கிறான், அடுத்ததில் தலை நீண்டு அகோரமாகிறான். இதற்கு மேல் என்ன வரப்போகிறதோ என்று பக்கத்தைத் திருப்பினால், கொம்புகூட இல்லாமல் வழவழவென்று குட்டையாக ஒருவன் நிற்கிறான். அந்தத் துணிச்சல் எல்லா ஓவியருக்கும் வராது. அவன் கையால் சாகும் வெஜிட்டா, எதிரியான கோகுவிடம் அழுதுகொண்டே தன் இனத்தின் கதையைச் சொல்லும் பக்கத்தை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

சரி, இப்போது ஒரு கதை. டோரியாமா பேட்டிகளில் சொன்னதுதான், வசனம் மட்டும் என் பாணி. ஃப்ரீசா ஒழிந்தான். அடுத்து எதிர்காலத்திலிருந்து ட்ரங்க்ஸ் என்ற இளைஞன் வந்து எச்சரிக்கிறான்: மூன்று வருடம் கழித்து, மே 12, காலை 10 மணி, இரண்டு செயற்கை மனிதர்கள் வருவார்கள். நாள், நேரம் எல்லாம் குறித்தாகிவிட்டது. ஜப்பானே காத்திருக்கிறது. வந்தார்கள், 19, 20 என்று இரண்டு பேர். உடனே டோரியாமா வீட்டில் போன் அடிக்கிறது. கஸுஹிகோ டோரிஷிமா, அவருடைய பழைய எடிட்டர். அப்போது அவர் எடிட்டர்கூட இல்லை, வேறு பொறுப்புக்குப் போய்விட்டார். இருந்தாலும் கை சும்மா இருக்குமா? “என்னய்யா இது, ஒரு கிழவனும் ஒரு குண்டனுமா வில்லன்?” என்கிறார். டோரியாமா தலையைச் சொறிந்துகொண்டு 17, 18 என்று அழகான இளைஞனையும் இளம்பெண்ணையும் கொண்டுவருகிறார். மறுபடியும் போன். “இப்போது சின்னப் பசங்களா?” சரி என்று பூச்சி மாதிரி ஒருவனை வரைந்தார். அவன்தான் செல். அப்பாடா என்று உட்கார்ந்தால், இந்த முறை அப்போதைய எடிட்டர் கோண்டோ: “பார்க்கச் சகிக்கவில்லையே, இவன் உருமாற மாட்டானா?” உருமாற்றினார். “இப்போது அசடு மாதிரி இருக்கிறான், சீக்கிரம் அடுத்ததுக்குப் போங்கள்.” இப்படி இரண்டு பேர் நாலு முறை சொல்லி வந்தவன்தான் நாம் போஸ்டரில் பார்க்கும் அந்தக் கம்பீரமான செல்! ஓவியர் வல்லவர், அவருக்கு மேல் வல்லவர் போனில். ஆனால் டோரியாமாவும் லேசுப்பட்டவர் அல்ல. முந்தைய தொடரான ‘டாக்டர் ஸ்லம்ப்’பிலேயே இதே டோரிஷிமாவின் முகத்தை ஒரு கிறுக்கு விஞ்ஞானி வில்லனுக்கு வைத்துப் பழி தீர்த்துக்கொண்டவர்.

இப்படி ஒட்டுப்போட்ட தையல் கதையைப் படித்தாலே தெரியும். 19ஐயும் 20ஐயும் பார்த்ததும் ட்ரங்க்ஸ் சொல்கிறான், “எனக்குத் தெரிந்தவர்கள் இவர்கள் இல்லை.” எச்சரிக்க வந்தவனுக்கே எதிரியைத் தெரியவில்லை! வேறு யாராவது எழுதியிருந்தால் கந்தல். இவர் அந்தக் கிழிசலையே மர்மமாக்கி, கைவிடப்பட்ட ஒரு கால இயந்திரத்தையும் அதற்குள் உடைந்த ஒரு முட்டை ஓட்டையும் காட்டிவிடுகிறார். ஆனாலும் செல் எனக்கு மூன்றாமிடம்தான். கோகு, வெஜிட்டா, பிக்கலோ, ஃப்ரீசா என்று எல்லோருடைய அணுக்களையும் சேர்த்துச் செய்தவனுக்குத் தனக்கென்று ஓர் ஆசை இல்லை. பலத்தைக் காட்டப் போட்டி வைக்கிறான், அவ்வளவுதான்.

கடைசி வில்லன் பூ. இவனிடம்தான் என் பழமொழி உதை வாங்குகிறது. ஊரையே மிட்டாயாக்கித் தின்கிற இந்தக் குண்டனைக் கொல்ல, மிஸ்டர் சாத்தான் என்ற புளுகுச் சாம்பியன் போகிறான். முடியவில்லை, சமையல்காரனாக ஒட்டிக்கொள்கிறான். ஒருநாள் மெதுவாகக் கேட்கிறான், ஏன் எல்லோரையும் கொல்கிறாய் என்று. கொல்லச் சொன்னார்கள், அதனால் கொல்கிறேன் என்கிறான் பூ. அது தப்பு என்கிறான் சாத்தான். அப்படியா, சரி, இனிமேல் கொல்லவில்லை என்கிறான் பூ. மடியில் ஒரு நாய்க்குட்டி. அதுவரை அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதே இல்லை! இந்த அமைதியையும் துப்பாக்கியோடு வந்த இரண்டு மனிதர்கள்தான் கெடுக்கிறார்கள். முடிவில் உலக மக்கள் தங்கள் சக்தியைக் கொடுத்தால்தான் பூ ஒழிவான். கோகு வானத்தைப் பார்த்துக் கெஞ்சுகிறான், யாரும் கேட்கவில்லை. சாத்தான் ஓர் அதட்டல் போடுகிறான், அத்தனை கையும் மேலே போகிறது. என்னைக் கேட்டால் ஃப்ரீசாவுக்கு அடுத்த இடம் பூவுக்குத்தான். பிக்கலோவா என்று கேட்காதீர்கள், அவன் வில்லன் கணக்கிலேயே இப்போது இல்லை.

தலைவர் அய்யாவிடமிருந்து துண்டுச் சீட்டு வந்துவிட்டது. மீதிச் செய்திகளை, புல்மா உட்பட, அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். தலைவர் மனம் வைத்து அழைத்தால்.

இப்போது பொன்னாடைக்கு வருகிறேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது விதி. இந்த மாணவர்களுக்குரிய நூல் எங்கே? நம் நூலகத்தில் படக்கதைக்கு என்று ஓர் அடுக்குகூட இல்லை. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். அந்தப் பணத்தில் மாங்காவுக்கு ஓர் அலமாரி கேட்கிறேன், ஒரே ஓர் அலமாரி! படிக்காத பிள்ளைகள் என்று திட்டும் நாம், அவர்கள் படிக்க ஆசைப்படுவதை உள்ளே விடுவதில்லை.

நல்நூலகர் அம்மாவுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. ஆங்கிலப் பதிப்பில் முதல் 16 தொகுதிகள் ‘டிராகன் பால்’ என்றும், மீதி 26 ‘டிராகன் பால் இசட்’ என்றும் வந்தன. இரண்டும் சேர்ந்தால்தான் முழுக்கதை, பட்டியலில் இரண்டையும் எழுதுங்கள். ஜப்பானியப் பதிப்பின் முதுகுகளை வரிசையாக அடுக்கினால் ஒரே நீளமான சித்திரம் தெரியும், ஒன்று குறைந்தாலும் ஓட்டை விழும். அதனால் நன்கொடை தருபவர்கள் ஆளுக்கு ஒன்றாகப் பேசி வைத்துக்கொண்டு தாருங்கள், ஃப்ரீசா தொகுதியையே பத்துப் பேர் வாங்கி வந்துவிடாதீர்கள்.

கோரிக்கை மனு கதவுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. மாவட்ட நூலக அலுவலருக்குப் போகிறது. கையெழுத்தோடு உறுப்பினர் அட்டை எண்ணையும் எழுத வேண்டும். அட்டை இல்லாத மாணவர்கள் அங்கேயே விண்ணப்பம் வாங்கிக்கொள்ளலாம். வார்டு உறுப்பினர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கி வைப்பார்கள் என்று அவரைக் கேட்காமலேயே அறிவிக்கிறேன். பேனா என்னிடம் இருக்கிறது. வணக்கம்.