வாக்கா, துப்பாக்கியா?

நடுவர் அவர்களுக்கு வணக்கம். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மயக்கத்திலும் பட்டிமன்றம் கேட்கத் துணிந்து உட்கார்ந்திருக்கும் நியூ ஜெர்சி தமிழ் மக்களுக்கும் வணக்கம்.

"ராப் ரசிகன் நெஞ்சில் நிற்பது நல்வாக்கா, துப்பாக்கியா?" இந்தத் தலைப்பு வாட்ஸப்பில் வந்த பத்து நிமிஷத்தில் துப்பாக்கி அணி நிரம்பிவிட்டது. வாக்கு அணிக்கு ஆள் பிடிக்கச் சங்கச் செயலாளர் மூன்று நாள் அலைந்தார். தாதாக்களையும் துப்பாக்கியையும் பாடும் கேங்ஸ்டா ராப் கேட்கிறேன் என்று சொன்னால் அது கெத்து. கெட்ட வார்த்தை இல்லாமல் ராப் பாடும் நடிகர் வில் ஸ்மித்தைக் கேட்கிறேன் என்று சொன்னால், "குழந்தைக்கு வாங்கினீங்களா சார்?" என்கிறார்கள்.

இந்தக் கிண்டல் எனக்குப் பழகிப்போனது. 1998-இல் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் கட்டிலுக்கு மேலே கேங்ஸ்டா ராப்பர் டூபாக் படம் ஒட்டியிருந்தான். என்னிடம் இருந்தது வில் ஸ்மித்தின் 'பிக் வில்லி ஸ்டைல்' கேசட், அதுவும் அண்ணனின் நண்பர் பதிந்து கொடுத்தது. நான் வாக்மேனை மாட்டினால் போதும், "ஆரம்பிச்சுட்டான்டா பால்வாடி ராப்" என்பான். கொஞ்ச நாளில் எனக்குப் பெயரே பால்வாடி ஆகிவிட்டது. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிற அண்ணன்கூட அப்படித்தான் கூப்பிட்டார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சற்றுமுன் எதிரணித் தலைவர் பேசி முடித்தாரே, அவரும் மரியாதையான தமிழில் அதே பால்வாடியைத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னவை மூன்று. கேங்ஸ்டா ராப்தான் உண்மையைச் சொன்னது. நல்வாக்கு ராப் என்பது வெள்ளைக்காரர் வீட்டு வரவேற்பறைக்காகச் சர்க்கரை தடவிய சரக்கு. மூன்றாவது, அந்த நல்ல பிள்ளை வில் ஸ்மித் ஆஸ்கர் மேடையில் செய்ததை உலகமே பார்த்தது.

கடைசியை முதலில் முடித்துவிடுகிறேன். ஆமாம், 2022-இல் அறைந்தார். தப்புதான். பத்து வருஷம் அகாடமி விழாக்கள் பக்கம் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். ஆனால் அடியைப் பற்றி எதிரணி பேசலாமா, நடுவர் அவர்களே? இவர்கள் தலையில் தூக்கி வைத்திருக்கும் கேங்ஸ்டா ராப்பர் டாக்டர் டிரே 1991-இல் ஒரு பெண் தொலைக்காட்சித் தொகுப்பாளரைத் தாக்கினார். வழக்கு நடந்து அபராதமும் சமூக சேவையும் விதித்தார்கள். அதற்கு அடுத்த வருஷம்தான் 'தி கிரானிக்' ஆல்பம் வந்து அவர் உச்சிக்குப் போனார். எத்தனை ரசிகர்கள் கேசட்டைத் தூக்கி எறிந்தார்கள்? வில் ஸ்மித்திடம் எல்லோரும் ஒன்றை எதிர்பார்த்திருந்தார்கள், அதனால் ஊரே அதிர்ந்தது. டிரேயிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது உண்மை விஷயத்துக்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்துக் காம்ப்டனிலிருந்து வந்த, டாக்டர் டிரே இருந்த என்.டபிள்யூ.ஏ. குழுவின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' ஆல்பம் 1988-இல் வந்தது. அதில் போலீஸைத் திட்டும் பாட்டுக்காக அடுத்த வருஷமே எஃப்.பி.ஐ.யிலிருந்து இசைக் கம்பெனிக்குக் கடிதம் போனது. 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸார் சுற்றி நின்று அடித்த வீடியோ வெளியானது. 1992 ஏப்ரலில் தீர்ப்பு போலீஸாருக்குச் சாதகமாக வந்து லாஸ் ஏஞ்சலீஸ் எரிந்தது, அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கேமராவில் பதிவாகும் முன்பே என்.டபிள்யூ.ஏ. அதைச் சொல்லிவிட்டது. மறுக்கவில்லை, அந்தப் பாட்டுக்கு என் கைதட்டலும் உண்டு.

ஆனால் தெருவின் உண்மையை முதலில் சொன்னவர்கள் அவர்களா? ஆறு வருஷம் முன்னால், 1982-இல், கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் 'தி மெசேஜ்' பாட்டு நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலிருந்து வந்துவிட்டது. உடைந்த கண்ணாடி, முன்னறையில் எலி, பின்னறையில் கரப்பான், கடன்காரன் இழுத்துப்போன கார், எல்லாம் அதில் இருக்கிறது. அதன் கடைசிப் பகுதியைக் கவனமாகக் கேட்டுப் பாருங்கள். ஒரு சின்னப் பையன் பெரிய கார் ஓட்டும் தாதாக்களைப் பார்த்து வாயைப் பிளக்கிறான், நாமும் இப்படி ஆகவேண்டும் என்று நினைக்கிறான். பள்ளியை விடுகிறான், வழிப்பறிக்குப் போகிறான், சிறைக்குப் போகிறான், அங்கே தூக்கில் தொங்குகிறான். அதே தெரு, அதே தாதா. ஆனால் பாடுகிறவன் தாதாவின் காருக்குள் உட்காரவில்லை, பையனைப் பெற்றவள் நிற்கிற இடத்தில் நிற்கிறான். கேங்ஸ்டா ராப் வந்து நம்மைக் காருக்குள் ஏற்றியது. வாயைப் பிளந்த அந்தப் பையன் வேறு யாருமில்லை, நீங்கள்தான், எதிரணி நண்பர்களே. கோபித்துக்கொள்ளக் கூடாது.

காருக்குள் இருந்தவர்களும் நிஜத் தாதாக்கள் என்று நினைக்காதீர்கள். என்.டபிள்யூ.ஏ.வின் ஈஸி-ஈக்கு முதல் பாட்டை எழுதியபோது, அதே குழுவின் ஐஸ் கியூப் பதினேழு வயது மாணவர். அப்புறம் ஃபீனிக்ஸுக்குப் போய்க் கட்டட வரைபடம் படித்தவர். டாக்டர் டிரே அதற்கு முன்னால் மினுமினுக்கும் உடையில் டான்ஸ் பாட்டுக் குழுவில் இருந்தவர். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கலைஞன் வேஷம் கட்டத்தான் செய்வான். நம்ம ஊர்க் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். துரியோதனனாகவே பீமனைத் தேடிக்கொண்டு போகமாட்டார். இங்கே என்ன நடந்தது? அரிதாரத்தைக் கழுவவே கூடாது என்றார்கள். கழுவினால் நீ நிஜமில்லை, விலை போய்விட்டாய் என்றார்கள். டூபாக் 1996 செப்டம்பரில், இருபத்தைந்து வயதில். இன்னொரு ராப்பர் பிக்கி 1997 மார்ச்சில், இருபத்து நான்கு வயதில். இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆறு மாத இடைவெளி.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும், ராப் கேட்காதவர்களுக்காக. பிராங்க்ஸில் வீடற்றவர்களுக்கான ஒரு காப்பகம். அங்கே தங்கியிருந்த இளைஞர் கே.ஆர்.எஸ்-ஒன். அங்கே சமூகப் பணியாளராக வேலை பார்த்தவர் ஸ்காட் லா ராக், டிஜே. இருவரும் சேர்ந்து 1987-இல் ஒரு ஆல்பம் போட்டார்கள். அட்டைப் படத்தில் இருவரும் ஆயுதங்களோடு இருப்பார்கள். ராப் அட்டைகளில் துப்பாக்கியை ஆரம்பத்திலேயே காட்டியவர்கள் இவர்கள். அதே வருஷம் ஆகஸ்டில், தன் குழுப் பையன் ஒருவனுக்கு ஏற்பட்ட தகராறைச் சமாதானம் செய்துவைக்கப் போனார் ஸ்காட். சண்டை போட இல்லை, சமாதானம் பேச. ஜீப்பில் உட்கார்ந்திருந்தபோது சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவருக்கும் வயது இருபத்தைந்துதான்.

கே.ஆர்.எஸ்-ஒன் என்ன செய்திருக்கலாம்? பழிவாங்கும் பாட்டுப் போட்டிருந்தால் கோடிக்கணக்கில் விற்றிருக்கும். அவர் வன்முறையை நிறுத்து என்று ஒரு இயக்கம் ஆரம்பித்தார். 1989-இல் நியூயார்க் ராப்பர்களைக் கூட்டி 'செல்ஃப் டிஸ்ட்ரக்ஷன்' பாட்டைப் போட்டு, வந்த பணத்தைக் கறுப்பின மக்களுக்காக உழைக்கும் நேஷனல் அர்பன் லீக் அமைப்புக்குக் கொடுத்தார். துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்து, அது என்ன செய்யும் என்று தெரிந்துகொண்டு இந்தப் பக்கம் வந்தவர் அவர். இவரையும் பால்வாடி என்பீர்களா?

எதிரணியில் ஒரு தம்பி டூபாக்கின் 'டியர் மாமா'வைச் சொல்லிக் கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது. ஆனால் தம்பி, அது அம்மாவுக்கு நன்றி சொல்லும் பாட்டு. எங்கள் அணிச் சரக்கு. உங்கள் மிகச் சிறந்த ஆயுதத்தை எங்கள் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து எங்களையே மிரட்டுகிறீர்களே!

சரி, சர்க்கரைக் குற்றச்சாட்டு. எம்.சி. ஹாமர் விஷயத்தில் நான் வாதாட மாட்டேன். 1990-இல் வந்த ஆல்பம் ஒரு கோடிப் பிரதி விற்றது, அப்புறம் பொம்மை, கார்ட்டூன், குளிர்பான விளம்பரம் என்று தன் தொளதொளப் பேண்ட்டைவிட அகலமாகப் போய்விட்டார். ஓக்லண்டில் தன் பேட்டை ஆட்கள் ஏகப்பட்ட பேருக்குச் சம்பளம் கொடுத்து 1996-இல் திவாலும் ஆனார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான்.

ஆனால் எல்லாருக்கும் பொதுவாகப் பாடுவது பின்னால் சேர்த்த சர்க்கரை இல்லை. பிறப்பே அப்படித்தான். போன கோடையில் மகளைக் கூட்டிக்கொண்டு ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் தாண்டி செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். எக்ஸ்பிரஸ்வே ஓரத்தில் சாதாரணச் செங்கல் அடுக்குமாடி. "இதுக்காப்பா இவ்ளோ தூரம்?" என்றாள். 1973 ஆகஸ்ட் 11-ஆம் தேதி சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் அங்கே தரைத்தளத்தில் ஒரு பார்ட்டி வைத்தாள். எதற்கு? பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, புதுத்துணி வாங்கக் காசு வேண்டும். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போட்டது அவளுடைய அண்ணன், பதினெட்டு வயது டிஜே கூல் ஹெர்க். ஹிப்-ஹாப் பிறந்தது அங்கேதான் என்கிறார்கள். ஒரு பெண்பிள்ளையின் பள்ளிக்கூடத் துணிக்காகப் பிறந்த கலைக்கு, பெண்பிள்ளை காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய பாட்டுத்தான் அசல் என்கிறீர்கள்.

நல்வாக்கு ராப்பர்களுக்கு முதுகெலும்பு இல்லை என்றும் சொன்னார்கள். 1989-இல் முதல்முறையாக ராப்புக்கு கிராமி விருது வைத்தார்கள். வென்றது அந்த வில் ஸ்மித்தும் ஜாஸி ஜெஃபும்தான், வீட்டில் அப்பா அம்மா படுத்தும் பாட்டைப் பாடிய பாட்டுக்கு. ஆனால் ராப் விருது கொடுப்பதைத் தொலைக்காட்சியில் காட்டமாட்டோம் என்றார்கள். இருவரும் விழாவைப் புறக்கணித்தார்கள். கெட்ட வார்த்தை பேசாதவனுக்கு ரோஷம் இருக்காது என்று யார் சொன்னது? வில் ஸ்மித்தின் பாட்டி, கெட்ட வார்த்தைகள் இருந்த அவருடைய பாட்டு நோட்டைத் திறந்து பார்த்து, அறிவுள்ளவனுக்கு இந்த வார்த்தைகள் தேவைப்படாது என்று அதிலேயே எழுதி வைத்தாராம். அன்றைக்கு விட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

நம்ம மாநிலத்துப் பெண்களை எதிரணி மறந்துவிட்டது. நியூவர்க்கில் பிறந்த குவீன் லத்தீஃபா 1993-இல், பெண்களைக் கேவலப்படுத்தும் வார்த்தை உச்சத்தில் இருந்த நேரத்தில், யாரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்கிறாய் என்று ராப்பிலேயே திருப்பிக் கேட்டார். சவுத் ஆரஞ்சில் வளர்ந்த லாரின் ஹில் 1999-இல் ஒரே இரவில் ஐந்து கிராமி வாங்கினார். வருஷத்தின் சிறந்த ஆல்பம் என்ற பெரிய விருதை வாங்கிய முதல் ஹிப்-ஹாப் ஆல்பம் அவருடையது. இங்கிருந்து அரை மணி நேரத் தூரத்துக்காரர்.

இப்போது ஒரு வாக்குமூலம். 'தி கிரானிக்' பீட் எனக்குப் பிடிக்கும். அந்த இழுத்து அடிக்கிற பேஸ், மேலே விசில் மாதிரி ஒரு சிந்தசைஸர். பிடிக்காது என்று சொன்னால் என் கால் காட்டிக்கொடுத்துவிடும். காரில் போகும்போது போடுவேன். பின்சீட்டில் பன்னிரண்டு வயது மகள். என் கட்டைவிரல் ஸ்டீயரிங்கில் இருக்கும் வால்யூம் பட்டன் மேலேயே இருக்கும். அந்த வார்த்தை வருவதற்கு அரை விநாடி முன்னால் குறைக்க வேண்டும், முடிந்தவுடன் ஏற்ற வேண்டும். வருஷக்கணக்கில் பழகியதில் தபேலா வித்வான் மாதிரி ஆகிவிட்டேன். சில பாட்டுகளில் குறைத்தால் ஏற்றுவதற்கு இடமே வராது, வெறும் டயர் சத்தம்தான் கேட்கும். ஒரு நாள் கேட்டாள், "அப்பா, கிரானிக்னா என்ன?" கஞ்சாவுக்கு அவர்கள் வைத்த பெயர் என்றா சொல்வது? "நாள்பட்ட வியாதிம்மா" என்றேன். அகராதிப்படி பொய்யில்லை.

நான் மட்டுமா? எதிரணியின் மூலவர்களே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். 1992-இல் போலீஸைக் கொல்வேன் என்று பாடி நாட்டையே கலக்கிய ஐஸ்-டி, 2000-இலிருந்து தொலைக்காட்சித் தொடரில் போலீஸ் துப்பறிவாளராக நடிக்கிறார். ஐஸ் கியூப் 2005-இல் குழந்தைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும் குடும்பப் படத்தில் நடித்தார். ஸ்னூப் டாக், சமையல், வீட்டு அலங்காரம் சொல்லித்தரும் மார்த்தா ஸ்டூவர்ட்டோடு சேர்ந்து சமையல் நிகழ்ச்சி நடத்தினார், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தீபம் ஏந்தி ஓடினார். எதிரணி மூன்று பேர் மட்டும் இன்னும் காம்ப்டனிலேயே நிற்கிறீர்கள். அங்கே பஸ் போய்விட்டது ஐயா.

மணி அடித்துவிட்டார்கள். ஒரே ஒரு வேண்டுகோள். முன்வரிசையில் எதிரணித் தலைவரின் அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். வணக்கம்மா. அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பி தனக்குப் பிடித்த கேங்ஸ்டா பாட்டு எதையாவது எடுத்து, முதல் எட்டு வரிக்கு அம்மாவிடம் தமிழில் அர்த்தம் சொல்லட்டும். நான் என் பால்வாடிப் பாட்டை முழுசாகச் சொல்லிக் காட்டுகிறேன். மைக் தம்பி கையிலேயே இருக்கட்டும். வால்யூம் பட்டனை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள், நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.