ஒரு மலைப் பள்ளத்தாக்கின் கல்லறைகள்

அவையோருக்கு வணக்கம்.

ஒரு கல்லைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். பெரிய கல் அல்ல, கலைநயம் மிக்கதும் அல்ல. ஆற்றோரம் கிடந்த கல்லை எடுத்து, நடுவில் ஒரு சிலுவையைச் செதுக்கி, சுற்றிலும் சில வரிகளை வெட்டியிருக்கிறார்கள். அந்த வரிகளின் பொருள் இது: ஆண்டு 1649. புலி ஆண்டு. இது விசுவாசி சன்மக் என்பவரின் கல்லறை. கொள்ளைநோயால் இறந்தார்.

1649 என்றதும் ஐரோப்பியர் காலம் என்று எண்ணிவிட வேண்டாம். அது அலெக்சாந்தரின் தளபதி செலூக்கஸ் பெயரால் வழங்கிய ஆண்டுக் கணக்கு. நம் கணக்கில் 1338. நாம் பிரபவ, விபவ என்று ஆண்டுக்குப் பெயர் சொல்வது போல, அங்கே துருக்கிய மக்கள் பன்னிரண்டு விலங்குகளின் பெயரைச் சுழற்சியாகச் சொன்னார்கள். கல் வெட்டியவர் இரண்டு கணக்கையும் எழுதிவைத்தார். எந்த ஆண்டு என்பதில் பின்னால் யாருக்கும் ஐயம் வரக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

இந்தக் கல் நின்ற இடம் இன்றைய கிர்கிஸ்தானில், தியன்ஷான் மலைகளின் அடிவாரத்தில், சூ பள்ளத்தாக்கில் இருக்கிறது. பட்டுச் சாலையின் வணிகர்கள் கடந்துபோன வழி அது. அங்கே காரா ஜிகாச், புரானா என்ற இரண்டு இடுகாடுகள் இருந்தன. புதைக்கப்பட்டவர்கள் கீழைத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். கல்லறையில் பொறித்த எழுத்து சிரியாக். அதே சிரியாக் மொழியில்தான் கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர்களும் நூற்றாண்டுகளாக வழிபாடு நடத்தினார்கள். மேற்கு ஆசியாவில் பிறந்த ஒரு திருச்சபை ஒருபக்கம் மலபார்க் கரைக்கும் மறுபக்கம் இந்தப் பனிமலை அடிவாரத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கல்லறைகளுக்குள் இந்தியப் பெருங்கடல் முத்தும் மத்தியதரைக் கடல் பவளமும் கிடைத்திருக்கின்றன. மலைகள் சூழ்ந்த ஊர்தான், ஆனால் ஒதுங்கிக் கிடந்த ஊர் அல்ல.

1885 முதல் 1892 வரை ரஷ்ய ஆய்வாளர்கள் இங்கே அகழ்ந்தார்கள். நிக்கலாய் பந்தூசவ் என்பவர் அதில் முக்கியமானவர். கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்டவர் டேனியல் குவோல்சன் என்ற மொழியறிஞர். சுமார் 30 எலும்புக்கூடுகள் பல ஆயிரம் கிலோமீட்டர் பயணித்து, பீட்டர் பேரரசர் தொடங்கிவைத்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்தை அடைந்தன. பிறகு அந்த நகரம் புரட்சியைக் கண்டது. ஏறக்குறைய 900 நாள் முற்றுகையில் பட்டினி கிடந்தது. இத்தனைக்கும் பிறகு அந்த எலும்புகள் இன்றும் நம்மிடம் இருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

ஏறத்தாழ 120 ஆண்டுகள் கழித்து, ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஸ்லாவின் இந்தக் கல்வெட்டுகளை எடுத்து எண்ணத் தொடங்கினார். எண்ணியதுதான் அவர் செய்த பெரிய காரியம். 1248 முதல் 1345 வரை ஆண்டு தெளிவாகத் தெரியும் கற்கள் 467. அவற்றில் 118 கற்கள் 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்கு உரியவை. மற்றக் காலத்தில் சராசரியாக ஆண்டுக்கு நான்கு கல்கூட விழவில்லை. இந்த இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ அறுபது. அவற்றுள் பத்துக் கற்களில் சாவின் காரணமும் பொறிக்கப்பட்டிருக்கிறது: மவ்தானா. சிரியாக்கில் கொள்ளைநோய்.

கறுப்பு மரணம் என்று வரலாறு சொல்லும் பிளேக் 1346 முதல் 1353 வரை மேற்கே பரவியது. சில பகுதிகளில் பாதிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டுபோனது. அதற்கு ஏழெட்டு ஆண்டுகள் முன்னால், ஒரு மலைப் பள்ளத்தாக்கில், பெயர் சொல்லாத ஒரு கொள்ளைநோய். இரண்டும் ஒன்றுதானா? எழுத்தை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எலும்பிடம்தான் கேட்க வேண்டும்.

பிளேக் கிருமி இரத்தத்தில் பெருகும் கிருமி. பல்லின் நடுவே இருக்கும் கூழுக்கு இரத்தம் போகிறது, கிருமியும் போகிறது. உயிர் போனதும் அந்தக் கூழ் உலர்ந்து, கெட்டியான பல்லுக்குள் பூட்டிய பெட்டி போல ஆகிவிடுகிறது. ஜெர்மனியில் மரியா ஸ்பைரூ, யொஹான்னஸ் கிராவுஸ் ஆகியோரின் குழு ஏழு பேரின் பற்களை ஆராய்ந்தது. மூன்று பேரிடம் பிளேக் கிருமியின் மரபணுத் தடயம் கிடைத்தது. மூவரும் காரா ஜிகாச்சில் புதைக்கப்பட்டவர்கள். 2022 ஜூனில் முடிவு வெளியானது.

கிருமிக்கும் வம்சாவளி உண்டு. பிளேக் கிருமியின் வம்சாவளி ஓரிடத்தில் திடீரென்று நான்கு கிளைகளாகப் பிரிகிறது. ஐரோப்பாவை அழித்தது அவற்றில் ஒரு கிளை. காரா ஜிகாச்சில் கிடைத்த கிருமி அந்தப் பிரிவுக்கு நேர்கீழே, அடிமரத்தில் நிற்கிறது. அதற்கு மிக நெருங்கிய உறவுக் கிருமிகள் இன்றும் அதே தியன்ஷான் மலைகளில், மர்மட் என்னும் வளைவாழ் கொறிவிலங்குகளிடம் உயிரோடு இருக்கின்றன. நோய் வெகுதூரத்திலிருந்து வந்து அந்த ஊரில் இறங்கவில்லை, அக்கம்பக்கத்து மலையிலேயே எழுந்தது என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இதுதான் காரணம்.

இதைக் கேட்டு, உலகைச் சூறையாடிய நோயை அந்த ஊர்க்காரர்கள் அனுப்பிவைத்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவர்களே முதலில் செத்தவர்கள். சாவு வீட்டுக்கு வீடு விழுந்துகொண்டிருந்த நேரத்திலும் ஒருவருக்கு ஒரு கல் என்று தேடி எடுத்து, பெயரும் ஆண்டும் வெட்டி நட்டிருக்கிறார்கள். கல் வெட்டியவரும் அதே காற்றைத்தான் சுவாசித்தார், பிளேக்கைப் பரப்பும் அதே தெள்ளுப்பூச்சி அவரையும் கடித்திருக்கும். அப்படியிருந்தும் 118 கற்கள்.

வீட்டில் உட்கார்ந்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1338 புலி ஆண்டு. பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிக்கொண்டே வந்தால், ஐம்பத்தேழாவது சுற்றில் 2022. ஆய்வு முடிவு வெளியான அந்த ஆண்டும் புலி ஆண்டு.