தேர் இழுத்தவர்களும் தேர் செய்தவர்களும்

தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, என்னை அழைத்த நூலகர் அம்மா அவர்களே, வரவேற்புரையிலேயே என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்ட செயலாளர் அவர்களே (அவரை மன்னித்துவிட்டேன்), இடமில்லாமல் பின்னால் நின்று கேட்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சூப்பர் ஹீரோக்கள் சேர்ந்து சண்டை போட்ட காமிக்ஸ் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். நாயகர்கள் எப்படிச் சேர்ந்தார்கள், வில்லன்கள் ஏன் சேர்ந்தார்கள், இவர்களையெல்லாம் படைத்தவர்கள் என்ன ஆனார்கள்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். 1940 குளிர்காலத்தில் ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ மூன்றாம் இதழில் ஃபிளாஷ், கிரீன் லான்டர்ன், ஹாக்மேன் எல்லோரும் ‘ஜஸ்டிஸ் சொசைட்டி’ என்று ஒன்றாகக் கூடினார்கள். கூடி என்ன செய்தார்கள்? மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொன்னார்கள்! ஊர் கூடியாயிற்று, தேர் நிலையைவிட்டு நகரவில்லை. அடுத்த இதழில்தான் ஒரே வேலைக்காகக் கிளம்பினார்கள்.

1990களில் டிசி, மார்வெல் என்ற இரண்டு போட்டிக் கம்பெனிகள் கைகோத்து பேட்மேனையும் கேப்டன் அமெரிக்காவையும் ஒரே புத்தகத்தில் கொண்டுவந்தன. எழுதி வரைந்தவர் ஜான் பிர்ன். கதை நடக்கும் காலம் 1945 ஜனவரி. அணுகுண்டைத் திருடும் வேலையில் கேப்டன் அமெரிக்காவின் எதிரி ரெட் ஸ்கல்லும் பேட்மேனின் எதிரி ஜோக்கரும் கூட்டு. தன் கூட்டாளி நிஜமாகவே நாஜி என்று தெரிந்ததும் ஜோக்கருக்கு ரோஷம் வந்துவிடுகிறது. நான் கிறுக்கன்தான், ஆனால் அமெரிக்கக் கிறுக்கன் என்கிற மாதிரி எதிர்த்து நிற்பான். வில்லன் கூட்டணி அங்கே உடைகிறது. இதை அப்புறம் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஜாக் கிர்பி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

ஜோ சைமனும் கிர்பியும் சேர்ந்து உருவாக்கியவன் கேப்டன் அமெரிக்கா. முதல் இதழின் அட்டையில் ஹிட்லரின் தாடையில் ஒரு குத்து. கடைக்கு வந்தது 1940 டிசம்பரில். அமெரிக்கா போரில் இறங்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அப்போது நியூயார்க்கிலேயே நாஜி அனுதாபிகள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். விடுவார்களா? மிரட்டல் கடிதங்கள், தொலைபேசியில் வசவு, அலுவலக வாசலில் முறைத்துக்கொண்டு ஆட்கள். போலீஸ் காவல் போட்டார்கள். மேயர் லகார்டியாவே போன் செய்து, தைரியமாக இருங்கள், நகரம் உங்களைப் பார்த்துக்கொள்ளும் என்றாராம். இன்னொன்றும் சொல்வார்கள். கீழே சிலர் நிற்கிறார்கள், அந்தப் படம் போட்டவன் இறங்கி வரட்டும் என்கிறார்கள் என்று ஒரு நாள் போன். கிர்பி குள்ளமான மனிதர், ஆனால் தெருச் சண்டையிலேயே வளர்ந்தவர். பேனாவை வைத்தார், சட்டைக் கையை மடித்துவிட்டார், விறுவிறுவென்று கீழே போனார். போய்ப் பார்த்தால் ஒருவரையும் காணோம்! (கைதட்டல்)

அதோடு முடியவில்லை. 1944-இல் அவரே ராணுவ வீரராக நார்மண்டிக்குப் போனார். காமிக்ஸ் வரைகிறவரா, அப்படியானால் முன்னால் போய் எதிரி இருக்கும் இடத்தைப் படம் போட்டுக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். குண்டுக்கு நடுவே பென்சில்! அந்த வருஷக் குளிர்காலத்தில் கால்கள் இரண்டும் உறைந்து, கிட்டத்தட்ட இழக்கும் நிலைக்குப் போய் மீண்டார். இத்தனைக்கும் பிறகு, தான் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்பப் பெற 1980களில் மார்வெல் கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கிடைத்ததும் ஒரு பகுதிதான்.

ஊர் கூடித் தேர் இழுத்தது சரி, தேர் செய்த தச்சன் யார் என்று யாராவது கேட்டோமா? பேட்மேனுக்கு உடையும் பின்கதையும் அமைத்ததில் பெரும்பங்கு பில் ஃபிங்கருக்கு. அவர் 1974-இல் இறந்தார். பேட்மேனை உருவாக்கியவர் என்ற வரியில் அதுவரை இருந்தது ஓவியர் பாப் கேன் பெயர் மட்டும்தான்; அதோடு ஃபிங்கர் பெயரும் சேர்ந்தது 2015-இல். சூப்பர்மேனை உருவாக்கிய சீகலும் ஷஸ்டரும் 1938-இல் வாங்கியது 130 டாலர். அதைப் பேச ஆரம்பித்தால் தலைவர் மணி அடித்துவிடுவார். இதோ, அடித்தேவிட்டார்.

வில்லன்களுக்கு நேரமில்லாமல் போயிற்று, பரவாயில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: எந்தக் காமிக்ஸாக இருந்தாலும் எழுதியவர், வரைந்தவர், வண்ணம் தீட்டியவர், மொழிபெயர்த்தவர் பெயர்களை அட்டையிலேயே போட வேண்டும். உள்ளே எறும்பு எழுத்தில் போட்டால் கணக்கில் சேராது. பதிப்பாளர்களுக்கு அனுப்ப ஒரு மனு எழுதி, செயலாளர் மேசையில் வைத்திருக்கிறேன். தேநீருக்குப் போகிற வழியில்தான் அந்த மேசை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.